2.75 எங்கிருந்து வந்தது? குன்னூர் ஸ்டுடியோவின் பழைய ஹார்ட் டிஸ்க்கும் ஒரு வேகக் கணக்கும்

ஐப்பசி மழை மூன்றாவது நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. குன்னூர் கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், உரச்சாக்கில் சுற்றிய பழைய சிபியூவை மார்போடு அணைத்துக்கொண்டு என் கடைப்படி ஏறினார். 2004இல் வாங்கியதாம். பென்டியம் 4, இன்டெல் 865 சிப்செட், 512 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஐடிஇ (பட்டைக் கேபிளில் இணைக்கும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க். அவர் டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய முதல் ஐந்தாறு வருடத்துக் கல்யாணங்கள், படுகர் ஊர்களான ஹட்டிகளில் எடுத்த ஹெத்தையம்மன் ஹப்பா (திருவிழா) படங்கள் எல்லாம் அதற்குள்.

அரவங்காட்டில் ஒரு வீட்டில் 2006ஆம் வருடக் கல்யாண ஆல்பத்துக்குள் கூரை ஒழுகிய தண்ணீர் இறங்கி, பக்கங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டனவாம். மறுபடி பிரிண்ட் வேண்டும். கேட்டு வந்ததே மணப்பெண்தான், இப்போது அவர் மகளே பத்தாவது படிக்கிறாளாம்.

டிஜிட்டலுக்கு முன்பு அண்ணன் எடுத்ததெல்லாம் ஊட்டி இந்து நகர் தொழிற்சாலையில் தயாரான இந்து பிலிமில். அந்த நெகட்டிவ்கள் இன்றும் ஒரு மரப்பெட்டிக்குள், 15 வாட் பல்பு எரிய, பூஞ்சை பிடிக்காமல் இருக்கின்றன. லென்சுகளும் அதே பெட்டியில்தான். "இதுக்கும் ஒரு பல்பு போட்டிருக்கலாமுங்கண்ணா" என்றேன். சிரித்தார்.

"லேன் ஒயரைப் போட்டு உங்க கம்ப்யூட்டருக்கு இழுத்துருங்க தம்பி. எவ்வளவு நேரமாகுமுங்க?"

டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கன்வெர்ட்டரில் போட்டால் வேலை சுலபம்தானே என்று கேட்பீர்கள். என்னிடம் இருந்த கன்வெர்ட்டரின் பவர் சப்ளை போன மாதம் இடி இறங்கியதில் கருகிவிட்டது. கோயம்புத்தூரில் சொல்லிவைத்திருந்தேன். பர்லியாறு பக்கம் மண் சரிந்து வண்டிகள் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டிருந்ததால் பார்சல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே லேன் ஒயர்தான்.

அண்ணன் கேட்ட கேள்விக்கு மனக்கணக்காகப் பதில் சொன்னேன். டிஸ்க்கில் 58 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று விண்டோஸ் காட்டியது. விண்டோஸ் 1024ஆல் பெருக்கி எண்ணும் ஆள். டிஸ்க் செய்பவரும் நெட்வொர்க் செய்பவரும் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறவர்கள். 80 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 74.5 என்று குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். அவர்கள் கணக்கில் இந்த 58 என்பது ஏறக்குறைய 62,300 மெகாபைட். பழைய கம்ப்யூட்டரின் லேன் 100 மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட், ஆகவே நொடிக்கு 12.5 மெகாபைட். வகுத்தால் 83 நிமிடம். "ஒன்றரை மணி நேரமுங்கண்ணா. டீ குடிச்சிட்டு வாங்க."

இங்கே ஒரு சின்னப் புலம்பல். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து போட்டால் பைட், சின்ன எழுத்து போட்டால் பிட் என்று ஒரு வித்தியாசமாவது கண்ணில் படும். நாம் வாயால் சொல்லும்போது இரண்டுமே "எம்பி"தான். "100 எம்பி நெட் போட்டிருக்கேன், 100 எம்பி பைல் ஒரு செகண்டுல வரலையே" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கடைக்கு வந்து சண்டை பிடிக்கிறார்கள். ஒரு செகண்டில் வராது. எட்டு செகண்டாவது ஆகும். இந்தப் பதிவில் மெகாபிட், மெகாபைட் என்றே முழுசாக எழுதிவிடுகிறேன்.

எக்ஸ்பி பேசும் பழைய பைல் ஷேரிங் பாஷையை இன்றைய விண்டோஸ் காதில் வாங்காது. அதனால் என் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு எஃப்டிபி சர்வரை (பைல் வாங்கிக்கொள்ளும் சாப்ட்வேர்) ஓடவிட்டு, எக்ஸ்பியிலிருந்து அதற்குள் படங்களைத் தள்ளினேன். எக்ஸ்பியின் காப்பி ஜன்னல் வேகத்தைச் சொல்லாது. காகிதம் பறக்கும் படத்தைக் காட்டி, மீதி நிமிடத்தை வாய்க்கு வந்தபடி சொல்லும். டாஸ்க் மேனேஜரில் நெட்வொர்க்கிங் பக்கத்தைத் திறந்தால் சதவீதம் தெரியும். 22 சதவீதம் என்று நின்றது. 100 மெகாபிட்டில் 22 சதவீதம் என்றால் 22 மெகாபிட். எட்டால் வகுத்தால் 2.75 மெகாபைட். அந்த வேகத்தில் 62,300 மெகாபைட் போய்ச்சேர ஆறே கால் மணி நேரம்.

நான் சொன்னது ஒன்றரை.

வழக்கமாக இந்த இடத்தில் என் கை லேன் ஒயரை மாற்றப் போகும், அல்லது ஸ்விட்சைத் தட்டும். அன்று மின்சாரம் வேறு போய்ப் போய் வந்ததால், யூபிஎஸ் கதறும் நேரத்தில் எதையும் பிடுங்க வேண்டாம் என்று ஒரு பழைய பில் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தேன். இடப்பக்கம் நெட்வொர்க், வலப்பக்கம் டிஸ்க். எல்லாமே நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற ஒரே அளவில்.

நெட்வொர்க் பக்கம் சுலபம். 10 மெகாபிட் லேன் 1.25. 100 மெகாபிட் 12.5. கிகாபிட் 125. இது முழு அகலம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகவரி, முன்னால் பின்னால் இடைவெளி என்று ஒரு கூலி உண்டு. கம்பியில் 1538 பைட் இடத்தை அடைக்கும் ஒரு முழு பாக்கெட்டில் நம் படத்துக்குக் கிடைப்பது 1460. ஆகவே 12.5இல் கைக்கு வருவது ஏறக்குறைய 11.9, விண்டோஸ் கணக்கில் 11.3. லேனில் காப்பி ஓடும்போது 11.3 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் அது ஆரோக்கியமான 100 மெகாபிட் ஒயர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கிகாபிட் போட்டவர் வீட்டிலும் அதே 11.3தான் வருகிறது என்றால், ஒயரில் இருக்கும் நான்கு ஜோடிகளில் ஏதோ ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒயர் முனையில் பிளக்கை கிரிம்ப் செய்தவர் அவசரத்தில் இருந்திருப்பார்.

டிஸ்க் பக்கம்தான் சுவாரசியம். 1980இல் வந்த எஸ்டி-506 வகை டிஸ்க்குகள் பேசியதும் பிட் கணக்கில்தான், நொடிக்கு 5 மெகாபிட், அதாவது 0.625 மெகாபைட். பழைய 10 மெகாபிட் லேன் ஒன்று அந்த மாதிரி இரண்டு டிஸ்க்குகளைச் சுமக்கும். 1986இல் முறைப்படுத்தப்பட்ட முதல் ஸ்கசி (இன்னொரு வகை டிஸ்க் இணைப்பு) 5 மெகாபைட். ஐடிஇ வந்து பட்டைக் கேபிளில் ஒரே நேரத்தில் பதினாறு பிட்டாக அனுப்பத் தொடங்கியபின் பைட் கணக்கு நிலைத்துவிட்டது. ஐடிஇயின் பழைய அனுப்பும் முறைக்குப் பிஐஓ என்று பெயர், அதன் வேகப் படிகள்தான் மோட். பிஐஓ மோட் 0 என்றால் 3.3, மோட் 3 என்றால் 11.1, மோட் 4 என்றால் 16.7. அப்புறம் வந்த வேகமான முறை அல்ட்ரா டிஎம்ஏ. மோட் 2இல் 33.3, மோட் 4இல் 66.7, மோட் 5இல் 100, மோட் 6இல் 133.

இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு இணைத்தால், நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 100 மெகாபிட் என்பது பிஐஓ மோட் 3க்கும் 4க்கும் நடுவில் போய் உட்காருகிறது. தொண்ணூறுகளின் நடுவில் வந்த டிஸ்க் பாதையின் அகலம்தான் அது. கிகாபிட்டின் 125, அல்ட்ரா டிஎம்ஏவின் கடைசி இரண்டு படிகளான 100க்கும் 133க்கும் நடுவில்.

நடுவே, ஐடிஇக்கு அடுத்து வந்த டிஸ்க் இணைப்பான சாட்டாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். முதல் சாட்டா 1.5 கிகாபிட். எட்டால் வகுத்தால் 187.5 வரவேண்டும், ஆனால் பெட்டியில் 150 என்று போட்டிருக்கும். யாரும் ஏமாற்றவில்லை. சாட்டா ஒயரில் ஒவ்வொரு எட்டு பிட்டும் பத்து பிட்டாக உருமாறிப் போகிறது. அவர்கள் சொல்லும் 1.5 கிகாபிட் அந்தப் பத்தையும் சேர்த்த எண். லேன் ஒயரிலும் இப்படி உருமாற்றம் உண்டு, ஆனால் 100 மெகாபிட் என்று சொல்லும்போது அதைக் கழித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஆகவே லேன் எண்ணை எட்டால் வகுக்க வேண்டும், சாட்டா எண்ணைப் பத்தால். 3 கிகாபிட் 300, 6 கிகாபிட் 600.

சரி, 2.75க்கு வருவோம். தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? லேன் தவறிப்போய் 10 மெகாபிட்டில் விழுந்திருந்தால் 1.25ஐத் தாண்டவே முடியாது, அதனால் அது இல்லை. 12.5 எங்கேயோ தள்ளி இருக்கிறது. பக்கத்தில் நிற்பது பிஐஓவின் கீழ்ப்படிகள்தான்.

டாஸ்க் மேனேஜரில் சிபியூ பக்கத்துக்குப் போனேன். நூறு சதவீதம். கெர்னல் (விண்டோஸின் உள் மையம்) எடுக்கும் நேரத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டைப் போடவைத்ததும் பச்சைக் கோட்டை ஒட்டிக்கொண்டு அதுவும் உச்சியில் ஓடியது. படம் காப்பி செய்வதற்குப் பென்டியம் 4 எதற்கு இப்படி மூச்சு வாங்க வேண்டும்? பிஐஓ என்றால் டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு பதினாறு பிட்டையும் சிபியூவே கை நீட்டி வாங்கி மெமரியில் வைக்கும். கல்யாணத்தில் மாப்பிள்ளையே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பரிமாறுகிற மாதிரி. டிஎம்ஏ என்றால் பரிமாற ஆள் தனி, மாப்பிள்ளை மேடையில் இருக்கலாம்.

காப்பியை நிறுத்திவிட்டு, நெட்வொர்க்கே இல்லாமல் டிஸ்க்கை மட்டும் எச்டி டியூன் என்ற வேகம் அளக்கும் சாப்ட்வேரில் அளந்தேன். 3.4 மெகாபைட். எண்ணைவிடக் கோட்டின் வடிவம்தான் காட்டிக்கொடுத்தது. நல்ல டிஸ்க்கின் கோடு இடமிருந்து வலமாகச் சரியும். தட்டின் வெளிவட்டம் பெரிது, ஒரு சுற்றில் அதிக டேட்டா வரும். உள்ளே போகப்போகக் குறையும். இந்தக் கோடோ சிம்ஸ் பார்க் குளத்துத் தண்ணீர் மாதிரி மட்டமாகக் கிடந்தது. தட்டு வேகமாகக் கொடுக்கிறது, வாசல் குறுகல் என்று அர்த்தம்.

டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்தேன். "டிஎம்ஏ இருந்தால் பயன்படுத்து" என்பதுதான் தேர்வாகியிருந்தது. அதற்குக் கீழே, இப்போது ஓடும் மோட் பிஐஓ. எக்ஸ்பிக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு. டிஸ்க்கோடு பேசும்போது ஆறு தடவை பிழை வந்தால் ஒரு படி இறங்கும். மறுபடி வந்தால் இன்னொரு படி. கடைசியில் பிஐஓவில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாமாக எழுப்பினால் ஒழிய எழாது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் எக்ஸ்பி பழைய கணக்கை மறந்து, மேல்படியிலிருந்து ஆரம்பிக்கும்.

செய்தேன். டாஸ்க் மேனேஜரில் 95 சதவீதம். என் பக்கத்து எஃப்டிபி சர்வர் 11.3 என்றது. அண்ணனுக்கு போன் போட்டு, "சொன்ன நேரத்துக்கு முடிஞ்சிருமுங்கண்ணா" என்று பெருமையடித்தேன்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி 22.

பிழை வந்ததால்தானே எக்ஸ்பி இறங்கியது, அந்தப் பிழை ஏன் வந்தது என்று பார்க்காமல் நோயாளியை எழுப்பி நடக்கவிட்ட என் புத்தியைச் சொல்ல வேண்டும். மறுபடி சேனலை அழித்து, ரீஸ்டார்ட் செய்து, இந்த முறை காப்பியைத் தொடங்காமல் எச்டி டியூனை ஓட்டினேன். இப்போதும் மட்டமான கோடு, 30 மெகாபைட் பக்கம். தாளைப் பார்த்தேன். 33.3, அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2. மதர்போர்டும் டிஸ்க்கும் 100 வரை போகக்கூடியவை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கேபிள். முதல் காப்பியில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் இருந்தது. டிஸ்க் 30 கொடுத்தாலும் 50 கொடுத்தாலும் லேன் 11.3க்கு மேல் விடாது, எல்லாம் சரியாகிவிட்ட மாதிரியே இருக்கும்.

டிஸ்க் தனக்குள் எழுதிவைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலையும் பார்த்தேன். கெட்டுப்போன செக்டார்களைச் சொல்லும் 5ஆம் எண் பூஜ்யம், 197ஆம் எண்ணும் பூஜ்யம். 199ஆம் எண்ணில் மட்டும் நான்கு இலக்கத்தில் ஒரு தொகை. அது கேபிளில் வரும் வழியில் சிதைந்துபோனவற்றின் கணக்கு. அரவங்காட்டுக் கல்யாணம் பத்திரம், வழிதான் மோசம்.

மூடியைக் கழற்றினேன். ரிப்பன் கேபிளை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக ஓட்டினேன். கரடுமுரடாக, பாய்க்கோரை மாதிரி ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நகத்தில் தட்டியது. நாற்பது கம்பிக் கேபிள். எண்பது கம்பிக் கேபிள் என்றால் நகம் கிட்டத்தட்ட வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் முனையில் ஓட்டைகள் ஒன்றுதான், நாற்பது. கூடுதலாக வரும் நாற்பது கம்பிகள் டேட்டாவைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவில் வேலிக்கல் மாதிரி நின்று, பக்கத்துக் கம்பியின் சத்தம் இதில் கேட்காமல் தடுக்கும் எர்த் அவை. வேலி இல்லையென்றால் மதர்போர்டு 33.3க்கு மேல் ஏறத் துணியாது. முன்பு எப்போதோ சிடி ரைட்டர் போட்டுக்கொடுத்தவர், கையில் கிடைத்த கேபிளை இதில் செருகியிருக்க வேண்டும்.

அது மட்டும் என்றால் 33இலேயே நிம்மதியாக ஓடியிருக்கும். டிஸ்க் பக்கத்து முனையை உருவியபோது மிச்சமும் தெரிந்தது. இரண்டு மூன்று ஊசிகளின் அடியில் பச்சையாகக் களிம்பு. பித்தளைக் குத்துவிளக்கில் பார்த்திருப்போமே, அதே பச்சை. இத்தனை வருடக் குன்னூர்ப் பனியும் மூடுபனியும் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தன. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் ஊசிகளைத் தேய்த்து, ஹேர் டிரையரை எட்ட வைத்துக் காயவைத்தேன். பரணில் கிடந்த எண்பது கம்பிக் கேபிள் ஒன்றை எடுத்து நீல முனையை மதர்போர்டிலும் கறுப்பு முனையை டிஸ்க்கிலும் செருகினேன். நடுவில் இருக்கும் சாம்பல் நிறம் இரண்டாவது டிரைவுக்கு. அவசரத்தில் இதை மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு.

சேனலை அழி, ரீஸ்டார்ட். மோட் 5. எச்டி டியூன் கோடு 56இல் தொடங்கி, தேயிலைச் சரிவு மாதிரி மெல்ல இறங்கி 31இல் முடிந்தது. இந்த அழகான சரிவைப் பார்க்கத்தான் இத்தனை பாடு.

அண்ணன் திரும்பி வந்தார், கையில் வர்க்கிப் பொட்டலம். நடந்ததைச் சொன்னேன். டிஸ்க் 50 கொடுக்கிறது, பாதை 100 தாங்கும், ஆனால் லேன் 12.5தான் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப நம்ம ரயில் மாதிரிங்க. கல்லாறு வரைக்கும் ஓடியாரும். அப்புறம் பல்லைப் புடிச்சுத்தான் ஏறோணும்." நான் இவ்வளவு நேரம் தாளில் போட்டதை அவர் ஒரே வாயில் சொல்லிவிட்டார்.

பல்சக்கரத்தையும் கொஞ்சம் வேகப்படுத்திப் பார்க்கலாமே என்று ஆசை வந்தது. பழைய டப்பாவில், மதர்போர்டின் பிசிஐ செருகிடத்தில் போடும் ஒரு கிகாபிட் லேன் கார்டு இருந்தது. பிசிஐ பாதையின் மொத்த அகலம் 133, கிகாபிட் 125, ஏட்டில் இடம் போதும். போட்டேன். எஃப்டிபி 36இல் ஓடியது. கிகாபிட் கார்டு போட்டும் 36தானா என்று அண்ணனுக்கு ஏமாற்றம். டிஸ்க் தரும் 50ஐ விடவும் குறைவுதான். பழைய சிபியூ, ஆயிரக்கணக்கான சின்னச்சின்ன பைல்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்கில் படிக்கும் தலை ஓர் இடம் தேடிப் போய் நிற்க 13 மில்லி செகண்ட் ஆகும். ஆல்பம் டிசைன் சாப்ட்வேர் போட்டுவைத்திருக்கும் தம்ப்நெயில் போல்டர்கள் வந்தபோது 36 தடாலென்று 4க்குப் போய்விட்டு, பெரிய படங்கள் வந்ததும் மறுபடி ஏறியது. மொத்தம் 40 நிமிடம். கார்டு தேடியது, டிரைவர் தேடியது, ஸ்குரூ கீழே விழுந்து தேடியது எல்லாம் சேர்த்தால் 100 மெகாபிட்டிலேயே விட்டிருந்தால் முன்னாலேயே முடிந்திருக்கும். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் அவர் தங்கை மகன் போனில், "மாமா, எல்லாத்தையும் கிளவுடுல ஏத்திருங்க" என்றானாம். அண்ணனின் ஸ்டுடியோ இணைப்பில் அப்லோடு 10 மெகாபிட். தாளில் அது 1.25க்கு நேரே இருக்கிறது. 62,300ஐ அதால் வகுத்துக் காட்டினேன். மின்சாரம் போகாமல் இருந்தால் 13 மணி 50 நிமிடம். கார்த்திகை கழியட்டும் என்றார்.

பைல் எண்ணிக்கை, மொத்த அளவு இரண்டையும் இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2006 போல்டரைத் திறந்தோம். அரவங்காட்டுப் பெண் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். பிரிண்டுக்குத் தேர்ந்தெடுத்த படங்களை அண்ணன் தன் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள வேண்டும். என் கம்ப்யூட்டரில் பேக்கப் ஓடிக்கொண்டிருந்ததால் பழைய சிபியூவின் முன்பக்கத்திலேயே பென் டிரைவைச் செருகிக் காப்பி போட்டார். 300 மெகாபைட்தான். நான் ஸ்குரூக்களைப் போட்டு மூடியைப் பூட்டி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் அப்போதும் காகிதம் பறந்துகொண்டிருந்தது.

அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஜையில் கிடந்த பில் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முன்னூறு எம்பி, அஞ்சு நிமிசமாச்சுங்க. செகண்டுக்கு ஒன்னு. ஏனுங் தம்பி, இதுல ஒன்னுக்குப் பக்கத்துல லேன் மட்டுந்தான் இருக்குது. யூஎஸ்பிய நீங்க எழுதவே இல்லையே?"

பழைய யூஎஸ்பி 12 மெகாபிட், எட்டால் வகுத்தால் 1.5. பேனாவை வாங்கி அந்த வரியைச் சேர்த்தேன். புதிய யூஎஸ்பி 2.0வுக்கு 480, அதாவது 60, அதையும் எழுதிவிட்டு டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். யூஎஸ்பி 2.0 கண்ட்ரோலர் மேல் மஞ்சள் கேள்விக்குறி, டிரைவரே போடவில்லை. 2004இலிருந்தே இருந்திருக்கும்.